புதிர் நீங்கிய புதிர்ப்போட்டி: பிசி முதல் கிள்ளான் பள்ளத்தாக்கு வரை

முன்னுரை

மலேசியத் தமிழரிடையே 'புதிர்ப்போட்டி' என்னும் சொல் பெருவழக்கினது. திருக்குறள் புதிர்ப்போட்டி, சமயப் புதிர்ப்போட்டி, இலக்கியப் புதிர்ப்போட்டி எனப் பள்ளிகளிலும் ஆலய மண்டபங்களிலும் இளைஞர் இயக்கங்களிலும் இவை நடந்த வண்ணம் உள்ளன. இரு மேசைகள், மேசைக்கு மூவர் அல்லது நால்வர், நடுவே ஒரு மணி, வினாக்களைப் படிப்பவர் ஒருவர், நேரங்காப்பவர் ஒருவர் என்னும் அமைப்பைக் கோலாலம்பூரிலோ கிள்ளானிலோ பார்த்திராத தமிழாசிரியர் இருக்க மாட்டார். இதே நிகழ்வைத் தமிழகத்தார் 'வினாடி வினா' என்கின்றனர். அங்கே காலத்தின் நெருக்கடி பெயராயிற்று. இங்கே பொருளின் மறைவு பெயராயிற்று.

ஆயினும், நம் புதிர்ப்போட்டிகளில் கேட்கப்பெறும் வினாக்களை எடுத்து நோக்கினால் அவற்றுள் புதிர் எனத்தக்கது அரிதாகவே காணப்படும். திருக்குறளின் அதிகாரங்கள் எத்தனை என்று வினவினால் 133 என்பதே விடை. தெரிந்தவர் சொல்வர், தெரியாதவர் எத்துணை நேரம் சிந்தித்தாலும் சொல்ல இயலாது. புதிர் இதற்கு நேர்மாறானது. அதன் விடை எல்லார்க்கும் தெரிந்த பொருளாகவே இருக்கும்: செருப்பு, முட்டை, தேங்காய், வெங்காயம். தெரிந்ததைத் தெரியாதது போலக் காட்டும் குறிப்புகளே அதன் உயிர். இரு அணியினர் எதிரெதிரே அமர்ந்து, ஓரணி ஒரு சொல்லை மனத்துள் மறைத்துக்கொண்டு, கேட்போரைப் பிறிதொரு வழியில் இழுத்துச் செல்லும் குறிப்புகளைத் தர, மற்றோரணி அச்சொல்லைக் கண்டறியும் ஆட்டம் தமிழில் நீண்ட வரலாறுடையது. அந்த ஆட்டம் தன் பெயரை மட்டும் மேசைமீது விட்டுவிட்டு எவ்வாறு விலகியது என்பதையும், அதனோடு எது விலகியது என்பதையும் இக்கட்டுரையில் ஆராய முற்படுகிறோம்.

பிசியும் நொடியும்

தொல்காப்பியர் செய்யுளியலில் யாப்பின் வகைகளாகப் பாட்டு, உரை, நூல், வாய்மொழி, பிசி, அங்கதம், முதுசொல் என ஏழனைச் சுட்டுகிறார். இவற்றுள் பாட்டு நீங்கலான ஆறும் அடிவரையறை இல்லாதன. பிசி என்பதே இன்றைய விடுகதை. முதுசொல் என்பதே பழமொழி. இரண்டும் ஒரே பட்டியலில், ஏறத்தாழ ஒரே தகுதியில் நிற்கின்றன என்பதை இங்கே குறித்துக்கொள்வோம். பின்னர் இவற்றின் கதி வெவ்வேறாயிற்று.

பிசி இருவகைப்படும் என்கிறார் தொல்காப்பியர். முதலாவது, ஒப்புமை பொருந்திய உவமத்தால் அமைவது. இரண்டாவது, ஒன்றைச் சொல்லுமிடத்து மற்றொன்று தோன்றி, அதுவேயெனத் துணியுமாறு அமைவது. முதல் வகைக்கு உரை மரபில் காட்டப்படும் எடுத்துக்காட்டில், பிறைத்திங்களை வாயிற் பற்றியபடி ஒரு குன்று நடந்து செல்கிறது. பிறை தந்தமாகவும் குன்று உடலாகவும் மாற, யானை வெளிப்படுகிறது. ராபர்ட் ஜார்ஜஸ், ஆலன் டண்டஸ் ஆகிய அமெரிக்க நாட்டார் வழக்காற்றியலார் 1963இல் விடுகதைக்கு அமைப்பியல் நோக்கில் இலக்கணம் வகுத்தபோது, உருவகத்தால் அமைவன, நேர்பொருளால் அமைவன என ஒரு பாகுபாட்டைச் செய்தனர். குறிப்புகள் தமக்குள் முரண்படுவன, முரண்படாதன என்பது அவர்களது மற்றொரு பாகுபாடு. முதற்பாகுபாட்டைத் தொல்காப்பியரின் இருவகையோடு ஒப்பிட்டுக் காணும் ஆய்வு மாணவர் வியப்பின்றி இரார். எனினும், அவர்கள் சொல்லாத ஒன்று தொல்காப்பியரிடம் உள்ளது. அதுதான் 'துணிவு' என்னும் சொல்.

துணிவு என்பது ஐயம் நீங்கிய முடிபு. விடை வெளிப்பட்டதும், இதுவன்றி வேறில்லை என்று கேட்டவர் ஒப்புக்கொள்ள வேண்டும். இதனை நாம் விடுகதையின் அறம் என்றே கொள்கிறோம். குறிப்பு திசைதிருப்பலாம், பொய் சொல்லலாகாது. ஊரெல்லாம் சுற்றிவருபவன் வீட்டுக்குள் மட்டும் நுழையமாட்டான் என்று செருப்பைப் பற்றிக் கேட்கும்போது, கேட்பவர் மனத்தில் ஒரு நாடோடி எழுகிறான். விடையை அறிந்தபின் திரும்பிப் பார்த்தால், ஒவ்வொரு சொல்லும் செருப்புக்கே உண்மையாகப் பொருந்துகிறது. நாடோடி கரைந்துபோகிறான். சிலேடையிலிருந்து விடுகதை வேறுபடுமிடமும் இதுவே. 15ஆம் நூற்றாண்டினரான காளமேகப் புலவர் பாம்பையும் வாழைப்பழத்தையும் ஒரே வெண்பாவில் நிறுத்தும்போது இரு பொருளும் இறுதிவரை நிற்கும், நிற்பதே அழகு. விடுகதையில் ஒரு பொருள் வீழ்ந்தே ஆகவேண்டும்.

அந்த நாடோடியை எழுப்பியது எது? 'அவன்' என்னும் ஈறு. அஃறிணைப் பொருளை உயர்திணையாக்கி, அவனுக்குத் தம்பியென்றும் அவளுக்கு அக்காளென்றும் முறை வைத்து, வினைமுற்றின் கடைசி எழுத்தில் கேட்போரை ஏமாற்றுவது தமிழ் விடுகதையின் தலையாய உத்தியாகும். வினைமுற்றில் பால் காட்டாத மலாய் மொழியில் இந்த உத்திக்கு இதே அளவு இடமில்லை. மலாயில் விடுகதையைத் தெக்கா-தெக்கி என்பர். தெக்கா என்பதற்கு ஊகித்தல் என்பது பொருள். ஆகவே அங்கே கேட்பவர் செயலால் பெயர் அமைந்தது. தமிழிலோ விடுகதை, விடை, விடுவித்தல் ஆகியவை 'விடு' என்னும் ஒரே பகுதியைக் கொண்டு, முடிச்சை நெகிழ்த்தும் செயலையே முன்வைக்கின்றன. அழிப்பாங்கதை என்னும் மற்றொரு பெயரும் அக்கருத்தினதே. திணையும் பாலும் வழுவி, பின் அமைதி பெறுவதை எந்த இலக்கண நூலும் சொல்லித்தராமலேயே ஐந்து வயதுக் குழந்தை இந்த ஆட்டத்தில் கற்றுக்கொள்கிறது. இன்று திணை, பால் பாகுபாட்டைப் படிவங்களை நிரப்பச் சொல்லிக் கற்பிக்கும் நாம் இதனைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

பெயர்களைப் பற்றிப் பேசும்போது 'நொடி' என்பதை விட்டுவிட இயலாது. தொல்காப்பியர் பிசியைக் குறிக்குமிடத்து நொடியொடு சேர்ந்தது என்றே அடைகொடுத்துச் சொல்கிறார். தமிழகத்தில் நொடி என்றால் இன்று கைந்நொடிப்பொழுது என்றே பெரும்பாலோர் கொள்வர். ஈழத்தமிழர் வழக்கிலோ விடுகதைக்கு நொடி என்ற பெயர் இன்றும் உண்டு. இலங்கையிலிருந்து எழுத்தர்களாகவும் இருப்பூர்திப் பணியாளர்களாகவும் மலாயா வந்த தமிழர் கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் நிலைகொண்டனர். 1904இல் தோன்றிய விவேகானந்தா ஆசிரமமும் ஸ்காட் சாலையிலுள்ள ஸ்ரீ கந்தசுவாமி கோயிலும் அவர்தம் வரலாற்றைச் சொல்வன. ஒரே நகரில், விடுகதை என்றும் நொடி என்றும் இருவேறு பெயரோடு ஒரே ஆட்டம் வந்திறங்கியது. பேச்சு வழக்காகக் கருதி நாம் கடந்துபோகும் ஒரு சொல், செய்யுளியலின் சொல்லாகவே பிரிக்பீல்ட்ஸ் வரை வந்திருக்கிறது என்பது எமக்கு மகிழ்ச்சி தரும் செய்தியாகும்.

எழுத்துகளை மறைக்கும் ஆட்டம்

நாட்டார் வழக்கில் பொருளை மறைத்தனர்; புலவர் வழக்கில் சொல்லையே மறைத்தனர். 12ஆம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் தண்டியலங்காரம் சித்திரகவிகளுள் வினாவுத்தரம், எழுத்து வருத்தனம், அக்கரச்சுதகம், கரந்துறைச் செய்யுள் முதலியவற்றைக் கூறுகிறது. இவற்றைப் பயனற்ற சொல்விளையாட்டென்று ஒதுக்கும் மனப்போக்கு நம் துறைகளில் உண்டு. நாமும் மாணவப் பருவத்தில் அவ்வாறே எண்ணியிருந்தோம். ஆனால் வினாவுத்தரத்தின் எடுத்துக்காட்டைப் பொறுமையாக அவிழ்த்துப் பார்த்தால் எண்ணம் மாறும். திருமகளுக்குப் பெயர் யாது, புறப்படுபவனை ஏவும் சொல் யாது, போரில் தொடுக்கும் சரத்துக்குப் பெயர் யாது, அழகுக்குப் பெயர் யாது என்று அடுக்கிக் கேட்டு, இறுதியில் பிறைசூடிய பெருமான் உறையும் இடம் யாது என்கிறது அது. திரு, ஏகு, அம்பு, அம் என்னும் விடைகள் ஒன்றுசேரத் திருவேகம்பம் என்னும் காஞ்சித் தலம் எழுகிறது. அம்பையும் அழகையும் கேட்கும்போது கோயிலை நினைப்பவர் எவர்?

18ஆம் நூற்றாண்டில் பிரான்சில் தோன்றி ஐரோப்பிய விருந்துக்கூடங்களில் பரவிய 'ஷரேட்' என்னும் ஆட்டம் இதே கட்டுமானம் உடையது. ஒரு சொல்லை அசைகளாகப் பிரித்து, என் முதற்பகுதி இது, இரண்டாம் பகுதி இது, முழுமை யாது என்று வினவுவதே அதன் தொடக்க வடிவம். பின்னரே அது வாய்பேசாமல் நடித்துக் காட்டும் ஆட்டமாயிற்று. இன்று தமிழ்க் குடும்ப விருந்துகளிலும் மாணவர் விடுதிகளிலும் திரைப்படப் பெயர்களைச் சைகையால் உணர்த்தும் அணி ஆட்டம் அதன் வழித்தோன்றலே. மேனாட்டு இறக்குமதி என்று நாம் எண்ணும் ஆட்டத்தின் மூல அமைப்பு, அங்கே அது தோன்றுவதற்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் முற்பட்ட தமிழணி நூலொன்றில் இருக்கிறது. இவ்வாறு சொல்வதால் ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது என்று நாம் வாதிடவில்லை. வடமொழித் தண்டியின் காவியாதரிசம் 16 வகைப் பிரேளிகைகளைப் பேசுகிறது. மறைத்துச் சொல்லி மகிழ்வது பல மொழியார்க்கும் இயல்பு.

எழுத்தை நீக்கும் ஆட்டம் பள்ளிக்கூட வழக்கிலும் எளிய வடிவில் உள்ளது. ஒரு சிறு மாதிரி காட்டலாம். மூன்றெழுத்துச் சொல் ஒன்று. முழுதாக இருந்தால் வெளிச்சம். தலையை வெட்டினால் பாறையின் துண்டு. வயிற்றை எடுத்தால் வாய்க்குள் கடிக்கும். பகல், கல், பல். இதில் 'வெட்டினால்', 'வயிறு' ஆகிய சொற்கள் உயிருள்ள ஒன்றை நினைக்கத் தூண்டுகின்றன. எழுத்துக்குத் தலையும் வயிறும் உண்டு என்று கண்டதும் முடிச்சு நெகிழ்கிறது.

1913 டிசம்பர் 21 அன்று நியூயார்க் வேர்ல்டு இதழில் ஆர்தர் வின் வெளியிட்ட கட்டப்புதிர் பின்னர் உலகெங்கும் பரவிற்று. தமிழ் இதழ்களும் குறுக்கெழுத்துப் போட்டி என்று அதனை வரவேற்றன. பிரித்தானியர் அதனை மறைபொருள் குறிப்புகள் கொண்டதாக மாற்றினர். அவ்வாறு குறிப்பு எழுதியவர்களுள் அஃப்ரிட் என்னும் புனைபெயருடைய ஏ. எஃப். ரிட்சி 1949இல் ஒரு நெறியை வகுத்தார். புதிரமைப்பவர் மேலோட்டமாகத் தோன்றும் பொருளைக் கருதியிருக்க வேண்டியதில்லை. ஆயினும் தாம் கருதிய பொருளை அவருடைய சொற்கள் பிழையின்றிச் சொல்லியிருக்க வேண்டும் என்பதே அதன் சாரம். தொல்காப்பியரின் 'துணிவு' என்னும் ஒரு சொல்லுக்கு இதனினும் நல்ல விளக்கவுரையை நாம் கண்டதில்லை.

லயத்து முன்வாசல்

மலாயாவுக்கு வந்த தமிழ்த் தொழிலாளரிற் பெரும்பாலோர் கங்காணி முறையில் வந்தவர்கள். 1907இல் ஏற்படுத்தப்பட்ட தமிழர் குடியேற்ற நிதி அவர்தம் வருகையைப் பெருக்கியது. 1938இல் இந்திய அரசு உதவிபெற்ற தொழிலாளர் குடியேற்றத்தைத் தடைசெய்தது. இடைப்பட்ட முப்பதாண்டுகளில், கிள்ளானைச் சூழ்ந்த தோட்டங்களின் லயங்களில் சேலத்தார், திருச்சியார், தஞ்சையார், வடார்க்காட்டார் அடுத்தடுத்த காம்பிராக்களில் குடியிருந்தனர். ஊருக்கு ஊர் வேறுபட்ட விடுகதைகள் ஒரே வாசலில் சந்தித்தன. தமிழகத்தில் ஒருவர் தம் வட்டாரத்து விடுகதைகளை மட்டும் கேட்டு வளர்ந்திருப்பார். தோட்டத்துப் பிள்ளைக்கோ அடுத்த வீட்டுப் பாட்டியிடம் கேட்பதெல்லாம் புதிது. விடை தெரிந்த பழங்கதை என்று ஒதுக்க வழியில்லை. இந்தக் கலப்பு ஆட்டத்துக்கு வலுவூட்டியிருக்க வேண்டும் எனக் கருதுகிறோம்.

விடியுமுன் பெரட்டு, பின் பால் வெட்டு, நிறுவை எனக் கழிந்த நாளில் பெற்றோருக்குக் கதை சொல்ல நேரமில்லை. கைக்குழந்தைகளும் சிறுவரும் ஆயாக்கொட்டகையில் முதிய பெண்களிடம் விடப்பட்டனர். மாலையில் மண்ணெண்ணெய் விளக்கொளியில் லயத்து முன்வாசலே அவர்களுக்கு அரங்கு. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் தோட்டப் பள்ளிகளுக்கு வழிவகுத்தது. ஆயினும் அப்பள்ளிகளின் நிலையை அறிந்தவர்கள், தமிழின் சொல்வளம் அங்கே மட்டுமே கற்பிக்கப்பட்டது என்று சொல்லமாட்டார்கள். ஏற்றத்தைக் கண்டிராத பிள்ளை ஏற்றத்தையும், பனையைக் கண்டிராத பிள்ளை நுங்கையும், கம்பங்கொல்லையை அறியாத பிள்ளை கம்பங்கதிரையும் விடைகளாகச் சொல்லப் பழகியது. கண்ணால் காணாத பொருளின் வடிவையும் இயல்பையும் குறிப்புகளின் வழியே கட்டியெழுப்பிக்கொண்டது. புலம்பெயர்ந்த சமூகத்தில் விடுகதை இவ்வகையில் ஒரு வாய்மொழி அகராதியாகவும் இருந்தது.

ஆட்டத்தின் நடைமுறையும் கருதத்தக்கது. விடை தெரியாதவர் தோல்வியை வாய்விட்டு ஒப்புக்கொண்ட பிறகே விடை அவிழும். அதுவரை ஊகங்களை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்க்கலாம். சொன்ன ஊகம் குறிப்புகளுக்குப் பொருந்துவதாக ஓரணி வாதிட, பொருந்தாதென மற்றோரணி மறுக்கும். உண்மையில் பெரும்பொழுது இந்த வாதத்திலேயே செல்லும். இங்கே நடுவர் இல்லை, மணியும் இல்லை. குறிப்பு உண்மையா என்பதை அவையே தீர்மானித்தது.

1938க்குப் பின் புதிய வரவு நின்றது. வந்த விடுகதைகளே திரும்பத் திரும்பப் புழங்கின. தோட்டத்தையே பொருளாகக் கொண்ட விடுகதைகளைத் திரட்டும் பணி, பழமொழிகளைத் திரட்டிய அளவுக்கு நம்மிடையே நடைபெறவில்லை. பழமொழி, அறம் சொல்வதால் ஏட்டிலேறியது. பழமொழி நானூறு முதல் இன்றைய பாடநூல்வரை அதற்கு இருக்கை உண்டு. விடுகதை அறம் சொல்லாது. ஆகவே பொழுதுபோக்குப் பகுதியின் ஓரத்தில் நின்றது. தமிழகத்தில் ச. வே. சுப்பிரமணியன், ஆறு. இராமநாதன் முதலியோர் இத்துறையில் உழைத்தனர். 1956இல் தொடங்கப்பெற்ற மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையின் நெடும்பயணத்தில், 1966இல் முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டுக் கருத்தரங்கைக் கோலாலம்பூரில் நடத்திய மரபில் வந்த நாம், லயத்து முன்வாசலுக்குக் குறிப்பேட்டோடு சென்றது குறைவே. இதனைப் பிறர்மீது சுமத்தும் குறையாகச் சொல்லவில்லை.

மணியும் நான்கு விடைகளும்

1950களில் தமிழ் முரசு நாளிதழின் வழியே மாணவர் மணிமன்றம் உருவாகி, மணிமன்றங்கள் மலாயா எங்கும் கிளைத்தன. பேச்சு, பட்டிமன்றம், நாடகம் ஆகியவற்றில் இளைஞரை அவை பயிற்றின. அணி அணியாகப் போட்டியிடும் வழக்கத்தை நகர்ப்புறத் தமிழ் வாழ்வில் நிலைபெறச் செய்ததில் இத்தகைய இயக்கங்களுக்குப் பெரும்பங்குண்டு. ஆங்கிலத்து 'குவிஸ்' என்பதற்குத் தமிழ்ப்பெயர் தேவைப்பட்டபோது, அணிகள் எதிரெதிரே அமர்ந்து விடை சொல்லும் பழைய ஆட்டத்தின் பெயர் நம்மவர் நாவில் ஆயத்தமாக இருந்தது. புதிர்ப்போட்டி என்றனர். பெயரிட்டவர் பிழை செய்ததாக நாம் எண்ணவில்லை. முன்வாசலையும் மேடையையும் அவர்கள் ஒன்றாகக் கண்டனர். அடுத்த தலைமுறை மேடையை மட்டும் கண்டது.

மாற்றத்துக்குத் தேர்வுமுறையும் துணைபோயிற்று. 1988இல் அறிமுகமாகி 2021இல் நீக்கப்பட்ட யூ.பி.எஸ்.ஆர். தேர்வில், பல்தேர்வு வினாக்கள் பல்லாண்டுக்காலம் பேரிடம் பெற்றிருந்தன. ஒரு வினாவும் நான்கு விடைகளும் கொண்ட அந்த அமைப்பை விடுகதையோடு ஒப்பிட்டால் ஒரு விந்தை புலப்படும். அங்கும் திசைதிருப்பல் உண்டு. ஆனால் அது இடம்மாறிவிட்டது. விடுகதையில் வினா வழிமயக்கும். விடை ஒன்றே, நேரானது. பல்தேர்வில் வினா நேரானது; பொருந்தா விடைகள் மூன்று, பொருந்துவன போல நின்று வழிமயக்கும். முன்னதில் மயக்கும் குறிப்பு ஒவ்வொன்றும் உண்மை. பின்னதில் மயக்கும் விடை ஒவ்வொன்றும் பொய். ஒரு குழந்தை ஐயத்தை எங்கே வைக்கப் பழகுகிறது என்பதை இது மாற்றிவிடுகிறது. சொல்லுக்குள் இன்னொரு பொருள் இருக்குமோ என்று தேடிய மனம், எந்தச் சொல் பொய் என்று கழித்துக்கட்டப் பழகுகிறது. தேர்வுக்கு இரண்டாவது திறன் வேண்டியதே. இலக்கியத்துக்கு முதலாவது இன்றியமையாதது. உள்ளுறையும் இறைச்சியும் பயிலவரும் பல்கலைக்கழக மாணவர், பாட்டின் மேற்பொருளைச் சொல்லி நிறுத்திக்கொள்வதை ஆண்டுதோறும் காண்கிறோம். அவர்களிடம் அறிவுக்குறை இல்லை. கேட்டதற்கு அடியில் மற்றொன்று இருக்கும் என்று எதிர்பார்க்கும் பழக்கமே இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு போட்டிக்கு நாம் நடுவர்களாகச் சென்றிருந்தோம். சமநிலை முறிக்கும் வினாவாக, வாயிலே இல்லாத வெள்ளை மண்டபம் எது என்னும் பழைய விடுகதையை எவரோ சேர்த்திருந்தனர். மணி ஒலிக்கவில்லை. ஓர் அணியின் பொறுப்பாசிரியர் எழுந்து, அறிவிக்கப்பட்ட பாடப்பகுதியில் இவ்வினா இல்லை என்று முறைப்படி மறுப்புத் தெரிவித்தார். மறுப்பு ஏற்கப்பட்டு வினா நீக்கப்பட்டது. விதிப்படி அவர் கூறியது சரி. புதிர்ப்போட்டியிலிருந்து புதிர் விதிப்படியே வெளியேறியதை அன்று நேரில் கண்டோம்.

இன்றைய கோலாலம்பூர் இளைஞர் சொல்லூகிக்கும் அணி ஆட்டங்களை அறியாதவரல்லர். பலகையாட்டங்களுக்கென்றே உணவகங்கள் இயங்குகின்றன. செக் நாட்டு விளாடா ஹ்வாட்டில் உருவாக்கி 2015இல் வெளிவந்த கோட்நேம்ஸ் ஆட்டத்தில் 25 சொற்கள் பரப்பப்படும். ஒரே சொல்லைக் குறிப்பாகத் தந்து, தம் அணியினர் பல சொற்களைக் கண்டறியச் செய்யவேண்டும். 1989இல் வந்த டாபூ ஆட்டத்தில் சில சொற்களைத் தவிர்த்து விளக்கவேண்டும். இவற்றில் குறிப்பு தருபவர் தம் அணிக்கு உதவுபவர். விடுகதையில் அவர் எதிரணியினர். உதவும் குறிப்பைவிட, உண்மையாக இருந்துகொண்டே தடுக்கும் குறிப்பைக் கட்டுவது கடினம் என்பது எம் கருத்து. நம் மாணவர் இவ்வாட்டங்களை ஆங்கிலத்திலேயே ஆடுகின்றனர் என்பது தனியே கவலைப்படத்தக்கது. அதனை இங்கே விரிக்கவில்லை.

தோட்டம் இருந்த இடம்

விடுகதை, கேட்பவரும் சொல்பவரும் பகிரும் பொருள் உலகத்தில்தான் வாழும். அந்த உலகம் கிள்ளான் பள்ளத்தாக்கில் கண்முன்னே மாறிற்று. 1950களில் எஃபிங்ஹாம் தோட்டம் பெட்டாலிங் ஜெயாவாயிற்று. சுங்கை ரெங்கம் பகுதியின் தோட்டங்கள் ஷா ஆலமாகி, 1978இல் சிலாங்கூரின் தலைநகராயின. சீபீல்டு தோட்டத்தின்மீது 1976 முதல் சுபாங் ஜெயா எழுந்தது. லயங்களிலிருந்தோர் அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்தனர். அடுக்குமாடியில் முன்வாசல் கிடையாது; நடைவழி உண்டு.

இந்நிலையில் பழைய விடுகதைகளை மனப்பாடம் செய்விப்பது போதாது என்று எண்ணி, பயிற்சி ஆசிரியர் குழுவொன்றில் நாமே ஒரு விடுகதையைக் கட்டி விடுத்தோம். ஒருநாள் விட்டு ஒருநாள் அவள் தோலைச் சீவுவர், அழமாட்டாள். மங்கு நிறையப் பால் கொடுப்பாள், அவள் பிள்ளை ஒரு சொட்டும் குடித்ததில்லை. பிள்ளை பருவம் வந்ததும் வெடித்துத் தாவும். அது என்ன? தோல் என்றது பட்டையை. பிள்ளை என்றது விதையை. பால் என்றது தோட்டத்தார் நாவில் பால் என்றே வழங்கும் இரப்பர்ப் பாலை. ஒரு சொல்லும் பொய்யில்லை. பெரும்பாலோர் பசு என்றனர்; சிலர் தென்னை என்றனர். 'மங்கு' என்ற சொல்லில் ஒருவர் நின்றுவிட்டார். பாட்டி வீட்டில் பூச்செடிக்குத் தண்ணீர் மொள்ளும் பழைய கோப்பைக்கு அந்தப் பெயர் என்றார். அங்கிருந்து பால்மரத்துக்கு வந்துசேர அவருக்கு ஒரு நிமிடமும் ஆகவில்லை.

பின்னர் அவர்களையே இரு அணிகளாக்கி, ஆளுக்கொன்று கட்டச் சொன்னோம். ஓரணி செம்பனையை எடுத்துக்கொண்டு, குலையைத் தலையில் சுமப்பவள் என்று தொடங்கிற்று. எதிரணியில் பந்திங் பக்கத்துத் தோட்டமொன்றில் வளர்ந்தவர் ஒருவர் இருந்தார். விடையைக் கண்டறிந்த பின்னும் அவர் ஒப்புக்கொள்ளவில்லை. குலை தலையில் இருப்பதில்லை, மட்டையின் இடுக்கில் இருக்கிறது, இடுக்கில் இருப்பதைத் தலையில் இருப்பதாகச் சொன்னால் அது விடுகதையாகாது, பொய்யாகும் என்று வாதிட்டார். வகுப்பு நேரம் முடிந்தும் வாதம் முடியவில்லை. மறுவாரம் அவ்வணியினர் குறிப்பை மாற்றிக்கொண்டு வந்தனர்: பிள்ளையைத் தலையிலும் வைக்காமல் இடுப்பிலும் வைக்காமல் அக்குளில் இடுக்கிக்கொண்டு நிற்பவள்.